ஒரு மடக்கு மதுவில் மூன்று ஆண்டு உழைப்பு!
இத்தாலியின் சிறு தோட்டங்களில் சிவப்பு ஒயின் பிறக்கும் கதை

விலை உயர்ந்த மது. கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றித் தருகிறார்கள். வாங்கியவர் உடனே குடித்து விடுவதில்லை. கிண்ணத்தைச் சாய்த்து நிறம் பார்க்கிறார். மூக்கை உள்ளே விட்டு முகர்கிறார். ஒரு மடக்கு வாயில் விட்டு நாக்கால் அலசுகிறார். பிறகு, பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பி விடுகிறார்!

"இது என்ன கூத்து? காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவார்களா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், ஒயின் ருசி பார்ப்பவர்களின் வழக்கம் இதுதான். ஒரே நாளில் பத்து, பதினைந்து வகைகளைச் சோதிப்பவர் எல்லாவற்றையும் விழுங்கினால், பாதியிலேயே தலை சுற்றும். நாக்கும் பொய் சொல்லும். அவருக்கு வேண்டியது போதை அல்ல. சரக்கு நல்லதா, செய்தவர் யோக்கியமாகச் செய்திருக்கிறாரா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்விக்கு உயிரையே விலையாகக் கொடுத்த நாடு இத்தாலி.

மூடுபனி திராட்சை

இத்தாலியின் வடமேற்கு மூலையில் பீட்மான்ட் மாநிலம் இருக்கிறது. அங்கே டூரின் நகருக்குத் தெற்கே லாங்கே என்ற குன்றுப் பிரதேசம். இங்குள்ள 11 ஊர்களில் விளையும் திராட்சையில் இருந்துதான் "பரோலோ" என்னும் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் தயாராகிறது. இந்தப் பகுதியின் திராட்சைக் குன்றுகளை 2014-ம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

திராட்சையின் பெயர் நெபியோலோ. "நெபியா" என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. அறுவடைக் காலமான அக்டோபரில் குன்றுகளைப் பனி மூடுவதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுத் திராட்சையைப் படர விடுகிறோம். அங்கே பந்தல் கிடையாது. சரிவுகளில் கம்பு நட்டு, கம்பி இழுத்து, வரிசை வரிசையாகக் கொடிகளை நிறுத்துகிறார்கள். செங்குத்தான சரிவுகளில் இயந்திரம் ஏறாது. குலைகளைக் கையால்தான் கொய்ய வேண்டும்.

நிறைய விளைந்தால் லாபம்தானே? இங்கே கணக்கு வேறு. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 8 டன்னுக்கு மேல் திராட்சை எடுக்கக் கூடாது என்பது சட்டம். கொடியில் குலைகள் குறைந்தால்தான் இருக்கும் பழத்தில் சாரம் ஏறும்.

கொய்த பழத்தை நசுக்கி, தோலோடும் விதையோடும் சாற்றை ஊற விடுகிறார்கள். நிறம் தோலில் இருந்து வருகிறது. துவர்ப்பு தோலில் இருந்தும் விதையில் இருந்தும் வருகிறது. சர்க்கரை புளித்துச் சாராயச் சத்தாக மாறியதும் வடித்து, நிலவறையில் உள்ள ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்புகிறார்கள். பரோலோ என்று பெயரிட்டு விற்க வேண்டுமானால் 38 மாதம் காத்திருக்க வேண்டும். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருந்தாக வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் முதல் முடங்கிக் கிடக்கும். சிறு விவசாயிக்கு இது லேசான காரியமா?

நாக்கு சொல்லும் சேதி

சிறு தோட்டங்களில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போனால், வீட்டுக்காரரே நிலவறைக்கு அழைத்துப் போய் ஊற்றித் தருவது வழக்கம்.

முதலில் நிறம். வெள்ளைத் துணிக்கு முன்னால் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பரோலோ மை போலக் கறுத்து இருக்காது. மாணிக்கச் சிவப்பாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். வயது ஏற ஏற ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும்.

அடுத்து மணம். கிண்ணத்தை மெல்லச் சுழற்றி முகர்ந்தால் உலர்ந்த ரோஜா இதழ் வாசம் வரும். கூடவே செர்ரிப் பழம், அதிமதுரம். ஆச்சரியம் என்னவென்றால், ரோடு போடும் தார் வாசமும் லேசாகச் சேர்ந்து வரும்! ரோஜாவும் தாரும் சேர்ந்த இந்த மணம்தான் பரோலோவின் அடையாளம்.

பிறகுதான் வாய். முதலில் புளிப்பு. உடனே ஈறையும் நாக்கையும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. இளம் பாக்கை மென்றவர்களுக்கும், நாவற்பழம் தின்று நாக்கு நீலம் பாரித்தவர்களுக்கும் அந்தத் துவர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றாக வைத்து அதற்குத் தனிப் பெயரே கொடுத்தவர்கள் அல்லவா நாம்! இளம் பரோலோவில் இந்தத் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக அடங்கி மிருதுவாகும்.

தகப்பனும் மகனும்

இன்று செழிப்பாக இருக்கும் இந்தக் குன்றுகள் ஒரு காலத்தில் வறுமைக்குப் பேர் போனவை. திராட்சைக்குத் தரகர் சொன்னதுதான் விலை. 1950, 60-களில் இளைஞர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு டூரினில் இருந்த ஃபியட் கார்த் தொழிற்சாலைக்கும், ஆல்பா நகரில் இருந்த ஃபெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலைக்கும் போனார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டவர்களின் கதை எங்கும் ஒன்றுதான்.

போகாமல் நின்றவர்களில் ஒருவர் எலியோ அல்தாரே. 1976-ல் பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்குப் போனார். தம்மைப் போன்ற சிறு விவசாயிகள் அங்கே தங்கள் ஒயினைத் தாங்களே புட்டியில் அடைத்து விற்று, கௌரவமாக வாழ்வதைக் கண்டார். திரும்பி வந்து, கொடியில் பச்சைக் குலைகளைப் பாதியில் வெட்டிக் கீழே தள்ளினார். பசியை அறிந்த பழைய தலைமுறை பதறியது. 1983-ல் அவர் தகப்பனாரின் பழைய பெரிய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தே எறிந்தார்! பிரெஞ்சுக்காரர்களைப் போலச் சிறிய புதுப் பீப்பாய்களை வாங்கத்தான் அந்த ஆவேசம். கொதித்துப் போன தகப்பனார் மகனுக்குச் சொத்தில் பங்கு இல்லை என்று சொல்லி விட்டார்.

எதிர்க்கட்சியும் இருந்தது. பரோலோ ஊரில் சுமார் 12 ஏக்கர் மட்டுமே வைத்திருந்த பர்த்தோலோ மஸ்கரெல்லோ, புதுப் பீப்பாயை வாசலில்கூட ஏற்றவில்லை. புது மரம் ஐஸ்கிரீமில் வரும் வெனிலா போன்ற வாசத்தை ஏற்றி, திராட்சையின் சொந்த மணத்தை அமுக்கிவிடும் என்பது அவர் கட்சி. புட்டியில் ஒட்டும் சீட்டுகளைத் தம் கையாலேயே வரைந்தவர் அவர். 2005-ல் மறைந்தார். பழைய வழியை அவருடைய மகள் தொடர்ந்தார்.

விஷம் கலந்த ஒயின்

இந்தச் சண்டை நடந்து கொண்டிருந்தபோதே, 1986 மார்ச் மாதத்தில் இத்தாலியையே உலுக்கிய செய்தி வெளியானது. மலிவு ஒயின் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் பலி. பலருக்குக் கண் பார்வை போயிற்று. சத்தில்லாத ஒயினுக்குக் காரம் ஏற்ற மெதனால் என்ற விஷச் சாராயத்தைக் கலந்திருந்தார்கள். கலப்படம் நடந்த இடங்களில் ஒன்றான நார்சோலே, பரோலோ ஊரில் இருந்து சில மைல் தூரம்தான்.

2015-ல் மும்பை மால்வணியில் 100-க்கும் மேற்பட்ட ஏழைகளைக் கொன்றதும் இதே மெதனால்தான். அங்கேயும் இங்கேயும் செத்தவர்கள், மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் குடித்தவர்கள்.

இத்தாலிய ஒயினை வெளிநாடுகள் வாங்கத் தயங்கின. ஏற்றுமதி சரிந்தது. எந்தத் தப்பும் செய்யாத சிறு விவசாயியும் தலை குனிந்தார். அதன் பிறகுதான் "மலிவாக, ஏராளமாக" என்ற வழியை விட்டு, "குறைவாக, தரமாக" என்ற வழிக்கு இத்தாலி வேகமாகத் திரும்பியது. சோதனைகள் கடுமையாயின. தரகருக்குப் பழத்தை விற்று வந்த பல குடும்பங்கள், தங்கள் பெயரைப் புட்டியில் போட்டுத் தாங்களே விற்கத் தொடங்கின.

இன்று சாதாரண பரோலோ ஒரு புட்டி 30, 40 யூரோ. நம் பணத்தில் 3,000 ரூபாய்க்குக் குறையாது. மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாத விலை. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. குடி குடியைக் கெடுக்கும் என்பது எந்த நாட்டு மதுவுக்கும் பொருந்தும்.

ஆனால், அந்த நிலவறைக் காட்சியில் நாம் கற்க ஒன்று உண்டு. ஊற்றித் தருபவரின் பெயர் புட்டியிலேயே இருக்கிறது. ருசி பார்ப்பவர் துப்பும் வரை அவர் எதிரிலேயே நிற்கிறார். மூன்று ஆண்டுக்கு முன் கொடியில் செய்த வேலைக்கு அவர் இன்று நேருக்கு நேர் பதில் சொல்கிறார். அரிசியோ, எண்ணெயோ, மருந்தோ, விற்கிற ஒவ்வொருவரும் இப்படி நின்றால் எத்தனை உயிர் பிழைக்கும்!