நிறைந்த வயிற்றில் மறைந்த பசி



வயிறு நிறைந்தால் பசி தீர்ந்தது என்றே நாம் எண்ணுகிறோம். இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்து நெல் விளையும் எங்கள் உருத்திரபுரம் போன்ற ஊர்களில் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகிறது. ஆயினும், மூன்று வேளையும் சோறுண்ணும் குழந்தையின் உடலிலும் தீராத பசியொன்று இருத்தல் கூடும். இரும்பு, அயடீன் முதலிய கனியுப்புகளுக்கும் விற்றமின்களுக்குமுரிய பசி அது. வாய்விட்டு அழுது கேளாமையால் அதனை மறைந்த பசி என்பர்.

சோறு உடலுக்கு வலுத் தருவது. எனினும், தனித்து நின்று உடலைக் காக்கவல்லதன்று. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவை யாவாத் தீவின் கோழிகள். 1890 ஆம் ஆண்டை அடுத்து அங்குப் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் எயிக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியை உண்டபின் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டோடு கழிந்துபோனது தயமின் என்னும் விற்றமின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நெல்லைப் புழுக்கிக் குற்றும் நம் வழக்கம் அச்சத்தில் ஒரு பகுதியை அரிசியினுள்ளேயே தங்கச் செய்கிறது.

சிறு குழந்தைகளிடத்தில் முதற்கண் கருதற்பாலது இரும்புச் சத்துக் குறைவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இலங்கைக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் குருதிச்சோகை உடையோரென 2012 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. இச்சோகைக்கு இரும்புக் குறைவு ஒரு முதன்மைக் காரணமாகும். குழந்தை பிறக்கும்போது கொண்டுவரும் இரும்பின் சேமிப்பு ஆறு மாதமளவில் தீர்ந்துபோகும். அதன்பின் தாய்ப்பாலுடன் வெறுங்கஞ்சியை மட்டும் ஊட்டினால் அக்குறை நிரம்பாது. மூளை விரைந்து வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் நேரும் இழப்பு, பின்னர் மருந்தால் முற்றும் ஈடாகுமென்று உறுதி கூற இயலாது.

வகுப்பிலே சோர்ந்திருக்கும் பிள்ளையை மந்தன் என்றும், மண் தின்னும் பிள்ளையைக் குறும்பன் என்றும் கடிந்து அடிப்போர் உளர். பிரம்பை எடுக்குமுன் அப்பிள்ளையின் கீழிமையைச் சற்றே விலக்கிப் பாருங்கள். உட்புறம் வெளிறியிருப்பின் தாமதியாது மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதனைத் தடுக்கும் வழிகள் நம் வளவிலேயே உள்ளன. முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபி ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதில் உடலிற் சேர்வதன்று. தேசிப்புளியோ கொய்யாப்பழமோ நெல்லிக்கனியோ உடன் உண்டால், அவற்றிலுள்ள விற்றமின் சீ அதனைச் சேரச் செய்யும். உணவோடு பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். சிறு குழந்தைக்குத் தேநீர் வேண்டியதேயில்லை. மீன், ஈரல் ஆகியவற்றின் இரும்பு எளிதிற் சேரும். ஆறு மாதம் நிரம்பியபின் அவற்றை நன்கு வேகவைத்து, முள் நீக்கி, மசித்து ஊட்டலாம்.

விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் தோன்றும். முற்றினால் விழி வறண்டு பார்வையே போதலும் கூடும். பப்பாசிப்பழமும், சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்த பூசணியும் கீரையும் இதற்கு அரண்.

அயடீன் குறைவு கழுத்துக் கழலையை உண்டாக்குவதோடு அறிவு வளர்ச்சியையும் தடுக்கும். ஆனையிறவு உப்பளம் நமக்கு அண்மையில் இருப்பினும், கடலுப்பில் இயல்பாக உள்ள அயடீன் மிகச் சொற்பமே. ஆதலால் அயடீன் சேர்த்த உப்பையே வாங்கி, மூடிய கலத்தில் வைத்து, கறியை இறக்கும்போது இடுவது நன்று.

மெலிந்த குழந்தைகளுக்கெனத் தாய்சேய் நல நிலையங்கள் வாயிலாக வழங்கப்படும் திரிபோஷா 1973 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அம்மா குடும்பம் முழுவதற்கும் பகிரப்படுமாயின், உரிய குழந்தைக்குக் கிட்டுவது ஒரு பிடியே. அதன் பங்கை அதற்கே ஊட்டுங்கள்.

பருவம் தவறி இட்ட உரம் பயிருக்கு முழுப்பயன் தராதென்பதை உழவர் அறிவர். குழந்தைக்கு அப்பருவம் முதல் இரண்டு ஆண்டுகளே.