தெணியான் வாத்தியார்

களியக்காவிளை தாண்டினால் ஊரூட்டம்பலம் தொலைவில்லை. அங்கே பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி முயன்றபோது, பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தரவேண்டும் என்று 1929இல் உத்தரவு வந்ததும் அங்கும் பள்ளிகள் எரிந்தன.

அந்த மண்ணில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் என்பவர் 1914இல் தொடங்கியது தேவரையாளிப் பள்ளி. பின்னாளில் இந்துக் கல்லூரி ஆனது (இலங்கையில் உயர்நிலைப் பள்ளியையும் கல்லூரி என்பார்கள்). அங்கே படித்து அங்கேயே ஆசிரியரானவர் கந்தையா நடேசன். எழுத்தில் தெணியான். 1942இல் பொலிகண்டியில் பிறந்தவர், ஓய்வுக்குப் பிறகும் எழுதினார், 2022இல் மறைந்தார்.

‘விடிவை நோக்கி’ 1973இல் வந்தது. சாதி சுமத்திய தொழிலில் கட்டுண்டவர்களின் வாழ்வைக் ‘குடிமைகள்’ நாவலில் எழுதினார். ‘பொற்சிறையில் வாடும் புனிதர்கள்’ கோயில் குருக்கள் வீட்டுத் துயரத்தைச் சொல்கிறது. தன் மக்களை உள்ளே விடாத கோயில்கள் இருந்த ஊர்க்காரர் எழுதியது இது! அதனால் அவருடைய சாதி எதிர்ப்பு மழுங்கிவிடவில்லை.

மாணவர்களே, ‘நூலகம்’ இணையதளத்தில் ஈழத்து நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம். தெணியான் என்று தேடுங்கள்.