கடைசியில் வருபவரின் வேகம்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் புறப்படும் குழுக்களின் பயணத் திட்டத்தில் முதல் நாளுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: லுக்லாவிலிருந்து பாக்டிங், சுமார் 8 கிலோமீட்டர், மூன்று அல்லது நான்கு மணி நேர நடை. லுக்லா 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாக்டிங் 2,610 மீட்டரில். மலை ஏற வந்தவர்கள் முதல் நாளில் 250 மீட்டர் இறங்குகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கே லாட்ஜுக்கு வந்துவிடலாம். அதனால் இந்த நாளை வீண் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒரே மூச்சில் பாக்டிங்கைத் தாண்டி மோஞ்சோவுக்குப் போய்விடலாமே, கால் வலுவுள்ளவர்கள் அதற்கும் மேலே நாம்சேக்கே போய்விடலாமே, ஒரு நாள் மிச்சமாகுமே என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. பயணம் முழுவதிலும் விட்டுக்கொடுக்கவே கூடாத நாள் இதுதான். அன்று ஒரு குழு எந்த வேகத்தில் நடக்கப் பழகுகிறதோ, அந்தப் பழக்கம்தான் 4,000 மீட்டருக்கு மேலே ஒருவரைக் காப்பாற்றுகிறது, அல்லது கைவிடுகிறது.

சென்னையிலிருந்து போகிறவர் கடல் மட்டத்திலிருந்து போகிறார். காத்மாண்டு 1,400 மீட்டர். சீசன் காலத்தில் லுக்லா விமானங்கள் பல, 474 மீட்டர் உயரமே உள்ள ராமேச்சாப்பிலிருந்து கிளம்புகின்றன. லுக்லாவின் 527 மீட்டர் நீளமுள்ள சரிவான ஓடுதளத்தில் விமானம் நின்றதும் அவர் கால் வைக்கும் தரை, நம் தொட்டபெட்டா உச்சியைவிட 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியும் அதற்குக் கீழேதான். காற்றழுத்தம் ஊரில் இருந்ததில் ஏறத்தாழ 70 சதவீதம். 1953-இல் ஜான் ஹன்ட் தலைமையிலான எவரெஸ்ட் குழு மார்ச் 10 அன்று காத்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து நடக்கத் தொடங்கியது; தெங்போச்சே மடாலயத்தை அடைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மேடு ஏறி, பள்ளம் இறங்கி, மறுபடி ஏறிய அந்த நாட்களில் உடம்பு தன்னால் மலைக்குப் பழகிவிட்டது. 1964-இல் எட்மண்ட் ஹிலாரி லுக்லாவில் ஓடுதளம் அமைத்தார். ஷெர்பா கிராமங்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டப் பொருள் கொண்டுவர அது தேவைப்பட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு வார நடை சில நிமிடப் பறத்தலாகச் சுருங்கியபோது, உடம்புக்குக் கிடைத்துவந்த அவகாசமும் போயிற்று. மிஞ்சியிருப்பது பாக்டிங் இரவு ஒன்றுதான்.

இந்த ஓர் இரவின் மதிப்பை எண்களிலேயே பார்க்கலாம். வைல்டர்னஸ் மெடிக்கல் சொசைட்டியின் மருத்துவ வழிகாட்டுதல், முன்பு உயர நோய் (உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவால் வரும் நோய்) வராமல், முதல் நாள் 2,800 மீட்டருக்குள் தங்குபவர்களை அந்த நோய்க்கான ஆபத்து குறைந்தவர்கள் என்று வகைப்படுத்துகிறது. லுக்லாவில் தங்கினால் அந்தக் கோட்டுக்கு மேலே, பாக்டிங்கில் தங்கினால் கீழே. 250 மீட்டர் இறங்குவதன் பயன் இதுதான். அதே வழிகாட்டுதல், 3,000 மீட்டருக்கு மேலே படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்கிறது. நாம்சே 3,440 மீட்டரில் இருக்கிறது. பாக்டிங்கிலிருந்து போனாலே ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம்; அதனால்தான் நல்ல வழிகாட்டிகள் நாம்சேயில் இரண்டு இரவு தங்க வைக்கிறார்கள். விமானத்தை விட்டு இறங்கிய அன்றே நாம்சேயில் படுப்பது உடம்பின் மீது செலுத்தும் வன்முறை.

‘நாங்கள் மாரத்தான் ஓடுகிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்பது அடுத்த வாதம். இதற்கான பதில் 1976-லேயே வந்துவிட்டது. பீட்டர் ஹாக்கெட்டும் டிரம்மண்ட் ரென்னியும் உடனிருந்தவர்களும் இதே பாதையில் 4,243 மீட்டரில் உள்ள பெரிச்சேயில் 278 நடைப்பயணிகளை ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 53 சதவீதம் பேருக்கு உயர நோய் இருந்தது. லுக்லாவுக்குப் பறந்து வந்தவர்கள், வேகமாக ஏறியவர்கள், வழியில் குறைவான இரவுகள் தங்கியவர்கள் ஆகியோரிடம் அது அதிகம். வயதானவர்களைவிட இளைஞர்களிடம் அதிகம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தசை வலு என்பது வேறு, குறைந்த ஆக்ஸிஜனுக்கு உடம்பு பழகுவது என்பது வேறு. வலுவானவர் தலைவலியோடும் வேகமாக நடந்துவிட முடியும். அவருக்கான ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

தனியாகப் போவதைவிடக் குழுவாகப் போவது பாதுகாப்பு என்று வீட்டில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். காத்மாண்டுவில் பல ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் டேவிட் ஷ்லிம் 1992-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்குகிறது. நேபாள நடைப்பயணிகளில் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களில் வந்தவர்கள் 40 சதவீதம்தான். உயர நோயால் இறந்தவர்களிலோ 80 சதவீதம் பேர் அப்படிப்பட்ட குழுவில் வந்தவர்கள். என் வாசிப்பில் காரணம் இது: குழுவுக்கு ஒரு தேதி இருக்கிறது, திரும்பும் டிக்கெட் இருக்கிறது. தனக்குத் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொன்னால் பத்துப் பேரின் பயணம் தடைபடும் என்று ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார். இந்த மௌனம் 4,900 மீட்டரில் லோபுச்சேயில் திடீரென்று பிறப்பதில்லை. முதல் நாள் மூன்று பேர் விறுவிறுவென்று முன்னே போய், கடைசியாக மூச்சு வாங்க வந்தவரை லாட்ஜ் வாசலில் கைதட்டி வரவேற்றார்களே, அங்கேயே அது தொடங்கிவிடுகிறது. தாமதமாக வருவது தலைக்குனிவு என்று அவர் அன்றே கற்றுக்கொள்கிறார்.

ஆகவே முதல் நாள் கடைசியில் வருபவரின் வேகமே எல்லோருக்கும் வேகமாக இருக்க வேண்டும். அந்தப் பாதையில் அப்படி நடப்பவர்கள் சுமைதூக்கிகள். நெற்றியில் சுமையைத் தாங்கும் பட்டை, முதுகில் டோகோ கூடை, கையில் டி வடிவத் தடி. சிறு சிறு அடிகளாக வைப்பார்கள். சற்று தூரம் போனதும் தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சுமையை இறக்காமல் நின்றபடியே மூச்சை ஆற்றிக்கொண்டு மறுபடி நடப்பார்கள். சேர்ந்து நடப்பதில் இன்னொரு பயனும் உண்டு. தூத் கோசி ஆற்றை ஒட்டிய இந்தப் பாதையில் எரிவாயு சிலிண்டரும் அரிசி மூட்டையும் சுமந்த கோவேறு கழுதைகளும் ஜோப்கியோ எனும் யாக்-மாட்டுக் கலப்பினங்களும் வரிசையாக எதிரே வரும். அப்போது மலைச் சுவரை ஒட்டி ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது. வழிகாட்டி இதை முன்னால் போகிறவர்களுக்கு மட்டும் சொல்லி, பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போனால், ஆபத்து பின்னால் வருபவருக்குத்தான்.

வேகமாக நடக்கிறவர்களை இழுத்துப் பிடிப்பது அவர்களுக்கு எரிச்சல்தானே என்று கேட்டால், ஆம், எரிச்சல்தான், அதை மறுக்கவில்லை. மேலே போகப் போக, குளிரில் அடிக்கடி நின்று காத்திருப்பதும் நல்லதல்ல. அங்கே குறிப்பிட்ட டீக்கடை வரை முன்னே போகலாம், அதைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் அப்படியல்ல. நடையே சில மணி நேரம்தான். உயர நோயைத் தடுக்க டையமாக்ஸ் மாத்திரை இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல்: அது உதவும், மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்; ஆனால் வேகமாக ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. விடுமுறை குறைவு என்பதுதான் உண்மையிலேயே கனமான வாதம். சம்பள விடுப்பை எண்ணி எண்ணிச் சேர்த்துப் போகிறவர்களின் சிரமம் புரிகிறது. நாளைக் குறைக்க வேண்டுமானால் இறங்கும்போது குறையுங்கள்; இறங்குவதால் உயர நோய் வராது. அப்படியும் போதவில்லை என்றால் நாம்சேயோடு, அல்லது தெங்போச்சேயோடு திரும்பும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

குழுவை அழைத்துப் போகிறவர்கள் பாக்டிங்கில் அன்று மாலையே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். தலைவலி உண்டா, சாப்பிட முடிகிறதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். திட்டத்தில் ஒரு நாளையாவது காலியாக விடுங்கள். யாருக்காவது முடியாமல் போனால் அவரோடு கூடவே கீழே இறங்கப் போவது யார் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.