ஆய்விதழிலிருந்து அரசிதழுக்கு: மெதுவாக நகரும் பூச்சிக்கொல்லித் தடை

புது தில்லி: மனநல மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் பங்களிப்பை, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டும், பிற ஆய்வாளர்கள் அவற்றை மேற்கோள் காட்டியதைக் கொண்டும் மதிப்பிடுவது கல்வி உலகின் வழக்கம். தற்கொலைத் தடுப்பு ஆய்வுகளுக்கு இந்த அளவுகோல் மட்டும் போதாது. ஆய்வின் முடிவு சட்டமாகவும் அரசாணையாகவும் மாற எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் கணக்கிட வேண்டியுள்ளது. சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் ஆய்வுகள் இதற்குச் சான்று.

1986-இல் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர். சென்னையில் தற்கொலையால் உயிரிழந்த 100 பேரின் பின்னணியை மேலும் 100 பேருடன் ஒப்பிட்டு 1999-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மேலை நாடுகளில் கண்டறியப்பட்ட காரணங்கள் இந்தியாவுக்கும் பொருந்துமா என்று ஆராய்ந்தது. 2012-இல் 'லான்செட்' இதழில் விக்ரம் படேல் தலைமையில் வெளியான ஆய்விலும் அவர் இணை ஆசிரியர். 2010-இல் நாட்டில் சுமார் 1.87 லட்சம் பேர் தற்கொலையால் இறந்ததாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டுக்கு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அளித்த எண்ணிக்கை 1,34,599 மட்டுமே. இறப்புகளில் ஏறத்தாழ பாதிக்கு விஷமே, குறிப்பாகப் பூச்சிக்கொல்லியே காரணம் என்பதும் தெரியவந்தது.

கடலூர் மாவட்டம், காட்டுமன்னார்கோவில் பகுதியில் இரு கிராமங்களில் பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல், பொதுக் கிடங்கில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் திட்டத்தை லட்சுமி விஜயகுமார் சோதித்தார். இதனை விவசாயிகள் ஏற்றுக்கொள்வர் என்பதை 2013-இல் வெளியான அவரது கட்டுரை காட்டியது. ஆனால், இலங்கையில் 180 கிராமங்களில் வீடுதோறும் பூட்டுப் பெட்டி வழங்கி நடத்தப்பட்ட பெரிய ஆய்வில் பலன் தென்படவில்லை என 2017-இல் 'லான்செட்' தெரிவித்தது. மாறாக, கொடிய பூச்சிக்கொல்லிகளைச் சந்தையிலிருந்தே அகற்றிய இலங்கையில், 1995-க்கும் 2005-க்கும் இடையே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது.

இந்தியாவில் தடை விதிக்கும் அதிகாரம் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பெரிதும் மத்திய அரசின் கையில் உள்ளது. மாநிலங்கள் 60 நாள்களுக்குத் தடை விதிக்கலாம். மேலும் 30 நாள்கள் நீட்டிக்கலாம். 2022-23-இல் தமிழக அரசு 6 பூச்சிக்கொல்லிகளுக்கு விதித்த தடையும் 60 நாள்களுக்கானதே.

இதன் விளைவைப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் உணரலாம். பொள்ளாச்சியை ஒட்டிய இப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் கணிசமாக வாழ்கின்றனர். நெல், தென்னை, முதலமடை மாந்தோப்புகள் என வேளாண்மையே வாழ்வாதாரம். கேரள அரசு 2011-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 14 வேளாண் நச்சுகளைத் தடை செய்தது. அத்தடை கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிகளோடு முடிந்துவிட்டது. எல்லைக்கு இப்பால் தமிழகக் கடைகளில் அதே மருந்தை விற்க மத்திய சட்டம் அனுமதித்தது.

2013 ஜூலையில் பிகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவில் இதே நச்சு கலந்து 23 குழந்தைகள் இறந்த பின்னரும் நிலைமை மாறவில்லை. 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவாணை வெளியிட்ட மத்திய அரசு, 2023-இல் வெளியிட்ட இறுதி ஆணையில் மிகச் சிலவற்றையே தடை செய்தது. பரவலாகப் பயன்பட்ட மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்கு அப்போதுதான் தடை வந்தது. கேரளம் முடிவெடுத்து 12 ஆண்டுகள் கடந்திருந்தன.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு கூறுகிறது. அவர் குற்றவாளி அல்லர் என மனநல மருத்துவர்கள் பல்லாண்டுகளாக வலியுறுத்தியதை நாடாளுமன்றம் ஏற்றதன் அடையாளம் அது. பூச்சிக்கொல்லி விஷயத்தில் அத்தகைய தெளிவு இல்லை. 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா, நிலைக்குழுவின் பரிசீலனைக்குச் சென்றும் சட்டமாகவில்லை.

தற்கொலை இறப்புகளை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பதாக 2022 நவம்பரில் வெளியான தேசியத் தடுப்பு உத்தி உறுதியளித்தது. அந்த ஆண்டில் மட்டும் 1,70,924 பேர் உயிரிழந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. இலக்கை எட்டுவதற்கான சான்றுகள் ஆய்விதழ்களில் போதிய அளவு உள்ளன. அவற்றைச் சித்தூர் விவசாயியின் வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு எம்.பி.க்களுடையது.

(மன உளைச்சலில் உள்ளோர் 14416 என்ற 'டெலி மானஸ்' கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம்.)