கார் ஏன் குதிக்கிறது?

பங்காருபாளையம் சித்தூர் - பெங்களூர் சாலையில் இருக்கிறது. மாங்காய்க் காலத்தில் இங்கே வண்டிகளுக்குக் குறைவில்லை. சில கார்களைப் பார்த்திருப்பீர்கள். வேகத்தடையைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் குதித்துக்கொண்டே போகும். "ஸ்பிரிங் போச்சு" என்பார்கள். பெரும்பாலும் போனது ஸ்பிரிங் இல்லை. ஷாக் அப்சர்.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். 2014 வரை வந்த அம்பாசிடர் காரில் பின் அச்சுக்குப் பட்டை ஸ்பிரிங். இப்போது பல கார்களில் சுருள் ஸ்பிரிங். எதுவானாலும் அமுக்கி விட்டால் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்.

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் ஓட முடியுமா? தண்ணீர் தடுக்கும். ஷாக் அப்சர் குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. அதற்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போகிறது. தண்டின் நுனியில் சின்னத் துளைகள். அவற்றின் வழியே எண்ணெய் மெல்லத்தான் போகும். அதனால் ஆட்டம் அடங்குகிறது.

எண்ணெய் கசிந்துவிட்டால் தடுக்க ஆள் இல்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பயன்? மொகிலி மலைப்பாதையில் இறங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியைக் கையால் அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் சரி. ஆடிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும். குழாயில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தாலும் அப்படியே.

மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒருபக்கமாக ஆடும். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஜாக்கி சரிந்தால் உயிர் போகும். முன்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காருக்கு ஸ்டாண்டு கொடுங்கள். எங்கள் மையத்தில் படிக்கும் மெக்கானிக் அண்ணன், கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்க வைப்பார். நல்ல பழக்கம்.

பின் அச்சுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். சுருள் ஸ்பிரிங் காரில் அச்சு கீழே இறங்காமல் பிடிப்பதே ஷாக் அப்சர்தான். முட்டு இல்லாமல் போல்ட்டைக் கழற்றினால் அச்சு தொங்கும். பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துபோகலாம். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம்.

துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விடுங்கள். போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் இருக்கும். வண்டி தொங்கும்போதே முழுதாக முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அதனால் காரைத் தரையில் இறக்கிய பிறகே கடைசி முறுக்கு. பிறகு டிக்கியை அமுக்கிப் பாருங்கள்.