முறிவு அறிக்கை கையில் வரும்வரை ஓயாதீர்கள்

கோரிக்கை மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, நிர்வாகம் இழுத்தடிக்கிறது என்று சங்கத் தோழர்கள் வருவார்கள். மனுவின் நகல் எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "ஹெச்.ஆர். மேஜையில வச்சோம் சார், வாங்கிக்கிட்டாரு." நாளைக்கு அந்த ஹெச்.ஆர். மனுவே வரவில்லை என்றால் இவர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பேச்சுவார்த்தை முறிந்ததும் பலர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறார்கள். அது துறை துறையாகச் சுற்றும். நீங்கள் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையில் உங்கள் பகுதியின் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகம். அதே துறையில் உதவி ஆணையர் (அமலாக்கம்) என்று வேறொருவர் இருக்கிறார். அவர் வேலை வேறு. வங்கி, ரயில்வே, துறைமுகம் என்றால் மத்திய தொழிலாளர் ஆணையரின் கீழ் உள்ள சமரச அலுவலர். மனுவோடு சங்கப் பதிவுச் சான்று, கோரிக்கைப் பட்டியல், இதுவரை நடந்த பேச்சுகளின் தேதிகள் வேண்டும். பதிவுச் சான்றை லேசாக எண்ண வேண்டாம். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது, பெரிய முடிச்சாக நின்றது சங்கப் பதிவுதான். 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. முன்பு சமரசம் முறிந்தால், சம்பள உயர்வு போன்ற பொதுக் கோரிக்கையை அரசுதான் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில் இன்றும் அரசாணைக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்காதீர்கள். சமரசம் முறிந்தது என்று சமரச அலுவலர் தரும் முறிவு அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நீங்களே தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். பிரச்சினை எழுந்து 2 ஆண்டு தாண்டினால் சமரச அலுவலர் அதைத் தொடவே முடியாது.

அந்த அறிக்கையை வாங்குவதுதான் பெரும்பாடு. 45 நாளில் முடிக்க வேண்டிய சமரசத்துக்கு வாய்தா மேல் வாய்தா. முடிவெடுக்க அதிகாரமே இல்லாத ஓர் இளம் அலுவலரை நிர்வாகம் அனுப்பும், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார், அதிகாரியும் தலையாட்டி அடுத்த தேதி கொடுப்பார். சட்டம் கொடுத்த கெடு அவருக்கும் சேர்த்துத்தானே? ஒவ்வொரு அமர்விலும் யார் வந்தார், என்ன சொன்னார் என்று மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். 45 நாள் கடந்ததும், அறிக்கை கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

உடன்பாடு வந்தால் அதைச் சமரச அலுவலர் முன்னிலையில் எழுதுங்கள். பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நம் ஆட்கள் 12(3) என்று சொல்லிப் பழகிய அந்த ஒப்பந்தம்தான் ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டும். வெளியே போடும் ஒப்பந்தம் அதில் சம்பந்தப்பட்ட தரப்பை மட்டுமே கட்டும். சங்கத்தை உடைக்க நிர்வாகங்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்துகின்றன.

இனி வேலைநிறுத்தம். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகாமல் இறங்கினால் சட்டவிரோதம். சமரசம் நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையும் இறங்கக் கூடாது. தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கும்போதும் அப்படியே. "நோட்டீஸ் வேண்டாம், எல்லாரும் கேஷுவல் லீவு போடுவோம்" என்று யாராவது சொன்னால் தடுங்கள்: பாதிப் பேர் சேர்ந்து போட்டாலே அது வேலைநிறுத்தம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. தண்டனை 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு அபராதம் 10,000இல் தொடங்கும்.

கட்டுப்பாடு நிர்வாகத்துக்கும் உண்டு. சமரசம் நடக்கும்போது, அந்தத் தகராறு தொடர்பான வேலை நிபந்தனைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற முடியாது. மாற்றினால் மறுநாளே அதே அலுவலகத்தில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு.