பழைய வண்டியின் சுவாசம்

சில வீடுகளின் தாழ்வாரத்தில் பாட்டனார் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதை எழுப்பவேண்டுமென்று பேரனுக்கு ஒரு நாள் ஆசை பிறக்கிறது. உதைத்துப் பார்க்கிறான், வண்டி இருமுகிறது, பிறகு மௌனம் சாதிக்கிறது. "கார்ப்யுரேட்டர் போய்விட்டது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு" என்று பக்கத்தில் நிற்பவர் யோசனை சொல்லுகிறார். இந்த யோசனையை ஏற்குமுன் சற்றே நிதானிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அநேக சமயங்களில் அந்தக் கருவி கெட்டுப் போயிருப்பதில்லை, அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கார்ப்யுரேட்டர் என்பது எஞ்சினின் சமையற்கட்டு. எடைக் கணக்கில் ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் சேர்ந்தால்தான் எஞ்சினுக்குப் பக்குவமான ஆகாரம் கிடைக்கும். குறுகலான வழியில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; அதனால் கீழேயுள்ள பெட்ரோல் நுண்ணிய துவாரங்களின் வழியே மேலே இழுக்கப்பட்டுப் புகைபோல் கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. தத்துவம் இவ்வளவுதான்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவை ‘அமால்’ கருவியைத் தாங்கியவை. போட்டியிட்டுக்கொண்டிருந்த அமாக், பிரவுன் அண்டு பார்லோ, பிங்க்ஸ் என்னும் மூன்று கம்பெனிகள் 1927-இல் ஒன்றாய் இணைந்தபோது பிறந்த பெயர் அது. நம் சென்னைக்கும் இக்கதையில் பங்குண்டு. 1955-இல் இங்கே எனஃபீல்டு இந்தியா ஸ்தாபனம் ஏற்பட்டு, இங்கிலாந்தின் ராயல் எனஃபீல்டு ‘புல்லட்’ வண்டி திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. ஆதி நாட்களின் புல்லட்டுகளில் அமாலும், பிற்காலத்தவற்றில் ‘மிக்கார்ப்’ என்னும் கருவியும் இருந்தன.

கருவியை இனங்காண முதலில் உருவத்தைக் கவனிக்கவேண்டும். மிதவைக் கிண்ணம் தனியாக ஒதுங்கி நின்று, ஒரு கையால் உடலைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றினால், அது பழைய தலைமுறை. 276 என்னும் வகை அதில் பிரசித்தமானது. கிண்ணமும் உடலும் ஒரே வார்ப்பாகி, பக்கவாட்டில் வட்டமூடி இருந்தால் ‘மோனோபிளாக்’. இது 1950-களின் நடுவில் வந்தது. கிண்ணம் நேர் கீழே அமைந்து ஜெட்டைச் சுற்றி நின்றால் ‘கான்ஸென்ட்ரிக்’. இது 1967-இல் வந்தது.

அடுத்தபடி, உடலில் பொறித்துள்ள எண்ணைத் துடைத்துப் படிக்கவேண்டும். மோனோபிளாக்கில் 375 சிறியது, 376 நடுத்தரம், 389 பெரியது. கான்ஸென்ட்ரிக்கில் 626 என்றால் 600 வரிசை, 26 மில்லிமீட்டர் துவாரம். 930 என்றால் 900 வரிசை, 30 மில்லிமீட்டர். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், எந்த வண்டிக்கென்று அமைத்தார்கள் என்பதைக் காட்டும். மெயின் ஜெட்டின் மேலுள்ள எண்ணோ, நிமிஷத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் அதன் வழியே பாயும் என்பதற்கான அளவு. இந்த எண்களைக் குறித்துக்கொள்ளாமல் கருவியை எறிபவர், ஜாதகத்தைத் தொலைத்துவிட்டுப் பொருத்தம் பார்க்கிறவராவார்.

இனிச் சுத்தம் செய்யும் விதம். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், பெட்ரோல் குழாய் மூடியிருக்கவேண்டும், இடம் திறந்தவெளியாயிருக்கவேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி யாவும் தூரத்தில் இருக்கட்டும். ஏனெனில் பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக ஒரு வெள்ளைத் தட்டில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன் அதை உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும்.

பித்தளை ஜெட்டைக் கண்டதும் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புளி நினைவு வரலாம். இங்கே புளி கூடாது. அதன் அமிலம் துத்தநாகக் கலவையாலான உடலை அரித்துவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றை ஊதினால் போதும். ஊசியோ எஃகுக் கம்பியோ ஜெட்டுக்குள் நுழையலாகாது. ஒரு மயிரிழை அகன்றாலும் கணக்கு தவறிவிடும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் துவாரம் குறையில்லாத வட்டமாகத் தெரியவேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை.

பூட்டும்போது இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சினோடு இணைக்கும் போல்டுகளைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால், மிருதுவான அந்த முகம் வளைந்து சந்து வழியே காற்று திருட்டுத்தனமாய் நுழையும், கலவை மெலியும், எஞ்சின் கொதித்துப் பிஸ்டனே பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது எச்சரிக்கை உயிரைப் பற்றியது. உதைப்பதற்குமுன் கைப்பிடியைத் திருகி விடுங்கள். உள்ளே ஸ்லைடு தயக்கமின்றி ‘டக்’கென்று கீழே விழும் சத்தம் கேட்கவேண்டும். அது மேலேயே சிக்கிக்கொண்டால் வண்டி ஓட்டுபவன் வசத்தில் இராது. அந்தச் சத்தம் கேளாதவரை எந்தத் தகப்பனாரும் மகனை வண்டியில் ஏறவிடக்கூடாது.

ஓட்டிப் பார்த்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அது சாட்சி சொல்லும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிஸ்கோத்து நிறமாயிருந்தால் பக்குவம் சரி.

2023 முதல் நம் நாட்டில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பழைய ரப்பரையும் உலோகத்தையும் மெல்லத் தின்னும். ஆகவே வண்டியைப் பல வாரம் நிறுத்துவதானால், குழாயை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுவது உத்தமம். இரண்டு நிமிஷ வேலை. ஒரு திருப்புளியும் ஒரு கந்தல் துணியும் போதும். இதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டால், அடுத்த தலைமுறைக்கும் அந்த வண்டி முதல் உதையிலேயே பதில் சொல்லும்.